41ஆம் பக்கத்தில் நின்றுபோன திரைக்கதை: இந்தக் கலையை எங்கிருந்து கற்பது?

மழைக்காலம்:

எல்லோருக்கும் வணக்கம். பத்து வருடமாகச் சிறுகதை எழுதுகிறேன். போன வருடம் ஒரு கதையைப் படித்த நண்பர், "இது கண்ணுக்குள் படமாகவே ஓடுகிறது, திரைக்கதையாக எழுதிப் பாரேன்" என்றார். அன்றிலிருந்து வேறு எதிலும் மனம் ஓடவில்லை.

கதை இதுதான். வீட்டோடு சண்டை போட்டுக்கொண்டு போன மகள், ஏழு வருடம் கழித்து அப்பாவைத் தேடி வருகிறாள். அம்மா இறந்துவிட்டாள். அம்மா பெயரில் இருந்த வீட்டை விற்க வேண்டுமானால் அப்பா, மகள் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். அந்த வீட்டுக்குள் இருவரும் கழிக்கும் பத்து நாட்கள்தான் படம்.

முதல் இருபது பக்கங்களை ஒரே வாரத்தில் எழுதிவிட்டேன். அப்புறம் வேகம் குறைந்தது. 41ஆம் பக்கத்தில் நின்றவன், நான்கு மாதமாக அங்கேயே நிற்கிறேன். முடிவு எனக்குத் தெரியும். அங்கே போகும் வழிதான் தெரியவில்லை. அப்பாவும் மகளும் சாப்பிடுகிறார்கள், பேசுகிறார்கள், சண்டை போடுகிறார்கள், மறுபடி பேசுகிறார்கள். எழுதும் எனக்கே சலிப்பாக இருக்கிறது.

திரைக்கதை பற்றி மூன்று புத்தகங்கள் படித்தேன். ஒவ்வொன்றும் ஒரு பக்க எண்ணைச் சொல்லி, அங்கே திருப்பம் வந்தே ஆக வேண்டும் என்கிறது. திருப்பத்தை எப்படிக் கண்டுபிடிப்பது என்று எதுவும் சொல்லவில்லை. இந்தத் தொழிலில் இருப்பவர்கள் இதை எப்படிக் கற்றீர்கள்? நான் எங்கிருந்து தொடங்க வேண்டும்?

மூன்றாம் வரைவு:

வணக்கம் நண்பரே. ஐந்து படங்களில் உதவி இயக்குநராக இருந்தேன். இப்போது மற்றவர்கள் கொண்டுவரும் கதைகளுக்குத் திரைக்கதை எழுதுகிறேன். தெரிந்த அளவுக்குச் சொல்கிறேன்.

எனக்கு இந்தக் கலை புரிந்தது எழுதும் மேசையில் இல்லை. பிரேக்டவுன் போடும்போதுதான் புரிந்தது. படப்பிடிப்புக்கு முன்னால் ஸ்கிரிப்டை எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பக்கத்தையும் எட்டுப் பாகமாகப் பிரிப்போம். இந்தக் காட்சி எட்டில் மூன்று, அந்தக் காட்சி ஒன்றும் எட்டில் இரண்டும் என்று கணக்குப் போட்டுத்தான் ஒரு நாளில் எவ்வளவு எடுக்கலாம் என்று முடிவு செய்வோம். அப்போது ஒவ்வொரு வரியையும் ஒரு கேள்வியோடு படிக்க வேண்டும். இதில் யார் இருக்கிறார்கள்? கையில் என்ன பொருள் இருக்கிறது? வெளிச்சம் எந்த நேரத்து வெளிச்சம்? என்ன சத்தம் கேட்கிறது?

ஒரு ஸ்கிரிப்டில், "அவன் தன் வாழ்நாள் தோல்விகளை எல்லாம் எண்ணியபடி நடக்கிறான்" என்று ஒரு வரி இருந்தது. கலை இயக்குநர் என்னிடம் வந்து, "இதுக்கு நான் என்ன தயார் பண்ணணும்?" என்று கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை, உண்மையாகவே அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது. என்னிடம் பதில் இல்லை. அந்த வரிக்கு எடுப்பதற்கென்று எதுவுமே இல்லை என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

சிறுகதையில் அந்த வரி நல்ல வரியாக இருக்கலாம். அங்கே வாசகரின் மனம்தான் படப்பிடிப்புத் தளம். திரைக்கதையில் கண்ணுக்குத் தெரிவதும் காதுக்குக் கேட்பதும் மட்டும்தான் சரக்கு. சிறுகதையிலிருந்து வருகிறவர்களுக்கு இதுதான் முதல் மேடு.

சரி, பொதுவாகப் பேசிக்கொண்டிருந்தால் பயனில்லை. அப்பாவும் மகளும் முதன்முதலில் சந்திக்கும் காட்சியை இங்கே போடுங்கள். திருத்தாமல், இருப்பதை இருக்கிறபடியே போடுங்கள்.

மழைக்காலம்:

நன்றி அண்ணா. 9ஆம் பக்கத்தில் வருகிறது. அப்படியே தருகிறேன்.

வெளி. வீட்டு வாசல் – மாலை

மகள் வாசலில் நிற்கிறாள். அவள் மனதில் ஏழு வருட நினைவுகள் அலைமோதுகின்றன. அழைப்பு மணியை அழுத்துகிறாள். அப்பா கதவைத் திறக்கிறார்.

அப்பா: யாரு... நீயா?

மகள்: நான்தான்ப்பா. எப்படி இருக்கீங்க?

அப்பா: இருக்கேன். ஏழு வருஷம் ஆச்சு. ஒரு போன்கூடப் பண்ணலை நீ.

மகள்: நீங்கதானேப்பா இந்த வாசப்படியை மிதிக்காதேன்னு சொன்னீங்க. அம்மா சாவுக்குக்கூட என்னைக் கூப்பிடலை.

அப்பா: உன் பிடிவாதத்தாலதான் அவ போய்ச் சேர்ந்தா.

மகள்: அப்படிச் சொல்லாதீங்கப்பா. வீட்டுப் பத்திரத்துல உங்க கையெழுத்து வேணும், அதுக்குத்தான் வந்தேன்.

அப்பா: அதானே பார்த்தேன். பாசத்துல வரலை. சரி, உள்ள வா.

வெட்டுமேசை:

நான் எடிட்டர். எழுத்தாளர் இல்லை. ஆனால் எழுதியதில் எது மிஞ்சுகிறது, எது மிஞ்சுவதில்லை என்பதைத் தினமும் பார்க்கிறவன் என்பதால் சொல்கிறேன்.

இந்தக் காட்சி என் மேசைக்கு வந்தால் முதல் மூன்று வரியும் அன்றைக்கே போய்விடும். கதவு திறக்கிறது, அப்பா முகம், மகள் முகம். நல்ல நடிகர்கள் என்றால் "யாரு, நீயா" என்று கேட்கும் முன்பே அது புரிந்துவிடும். லெவ் குலெஷோவ் என்ற ரஷ்ய இயக்குநர் நூறு வருடத்துக்கு முன்னால் செய்த சோதனையைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஒரு நடிகரின் ஒரே முகத்தை ஒரு முறை சூப் கிண்ணத்துக்கு அடுத்தும், ஒரு முறை சவப்பெட்டிக்கு அடுத்தும் ஒட்டிக் காட்டினார். முகம் ஒன்றுதான். பார்த்தவர்கள் முதலில் பசி என்றார்கள், அப்புறம் துக்கம் என்றார்கள். உணர்ச்சியைப் பார்வையாளரே போட்டு நிரப்பிக்கொள்கிறார். எழுதுகிறவர் இதை நம்ப வேண்டும். நம்பாதபோதுதான் "ஏழு வருஷம் ஆச்சு" போன்ற வரிகள் வருகின்றன.

அந்த வரியை யாருக்காக அப்பா சொல்கிறார்? மகளுக்கு ஏழு வருடம் என்று தெரியும். அவருக்கும் தெரியும். தியேட்டரில் உட்கார்ந்திருக்கும் எனக்காகத்தான் சொல்கிறார். இருவருக்கும் தெரிந்த விஷயத்தை இருவரும் ஒருவருக்கொருவர் எடுத்துச் சொல்லிக்கொள்ளும்போது, அவர்கள் அப்பா மகளாக இல்லாமல் அறிவிப்பாளர்களாக ஆகிவிடுகிறார்கள்.

காட்சிக்குள் எவ்வளவு தாமதமாக நுழைய முடியுமோ அவ்வளவு தாமதமாக நுழையுங்கள். முடிந்த உடனே கிளம்பிவிடுங்கள். எழுதும்போது நீங்கள் வெட்டாததை நான் வெட்ட வேண்டியிருக்கிறது. அதற்குள் ஐம்பது பேருடைய ஒரு நாள் உழைப்பு அதில் போய்விடுகிறது.

மேடைக்காரி:

நாடகம் எழுதுகிறவள் நான். வெட்டுமேசை சொன்னதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன், மீதியோடு சண்டை போட வேண்டும்.

வசனம் என்றாலே குறைக்க வேண்டிய பொருள் என்று திரைக்கதை கற்கிறவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுக்கிறார்கள். அது சரியில்லை. வசனமும் செயல்தான். ஒருவர் வாய் திறப்பது எதிரே இருப்பவரிடமிருந்து எதையாவது பெறுவதற்காக: மன்னிப்போ, பதிலோ, மௌனமோ, அந்த இடத்தை விட்டுப் போய்விடுவதோ. எதையும் பெற முயலாத வரிதான் குறை. அது இரண்டே சொல்லாக இருந்தாலும் குறைதான்.

"அம்மா சாவுக்குக்கூட என்னைக் கூப்பிடலை." இது நல்ல வரி மழைக்காலம். இதைப் படித்தபோது எனக்கு நெஞ்சு அடைத்தது. ஆனால் 9ஆம் பக்கத்தில், வாசலில் நின்றுகொண்டு, கேட்காமலே கொடுத்துவிட்டீர்கள். இவள் இதை எழுபது பக்கம் நெஞ்சுக்குள்ளேயே வைத்துக்கொண்டு அந்த வீட்டில் நடமாடினால் எப்படி இருக்கும்? அவள் வாய் திறக்கும்போதெல்லாம் இன்றைக்குச் சொல்லிவிடுவாளோ என்று நாங்கள் காத்திருப்போம்.

பத்திரமும் அப்படித்தான். 1962இல் பிரெஞ்சு இயக்குநர் பிரான்சுவா த்ரூஃபோவிடம் பேசும்போது, திகில் படங்களுக்குப் பேர்போன இயக்குநர் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் இதைத்தான் விளக்கினார். மேசைக்கு அடியில் குண்டு இருப்பது யாருக்கும் தெரியாமல் வெடித்தால், பார்க்கிறவருக்குப் பதினைந்து விநாடி அதிர்ச்சி. அதே குண்டு அங்கே இருப்பதும், ஒரு மணிக்கு வெடிக்கும் என்பதும் நமக்கு முதலிலேயே தெரிந்து, கடிகாரத்தில் மணி பன்னிரண்டே முக்கால் ஆகியிருந்து, மேசையில் உட்கார்ந்திருப்பவர்கள் எதுவும் தெரியாமல் சாதாரணமாகப் பேசிக்கொண்டிருந்தால் பதினைந்து நிமிடம் நம் உயிர் நம்மிடம் இருக்காது. அந்தச் சாதாரணப் பேச்சு எவ்வளவு சாதாரணமாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது.

உங்கள் குண்டு அந்தப் பத்திரம். அது பையில் இருப்பதை எங்களுக்கு மட்டும் காட்டுங்கள். அப்பாவுக்குச் சொல்லாதீர்கள். அப்புறம் அவர்கள் வானிலையைப் பற்றிப் பேசினால்கூட நாங்கள் அசையாமல் பார்ப்போம்.

வெட்டுமேசை:

மேடைக்காரி சொல்வதை ஏற்கிறேன். நான் அளவைப் பற்றிப் பேசினேன், அவர் காரணத்தைப் பற்றிப் பேசுகிறார். காரணம்தான் முதலில் வர வேண்டும்.

புதுப்பக்கம்:

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். நான் இன்னும் ஒரு பக்கம்கூட எழுதவில்லை. எந்த மென்பொருளில் எழுதுவது? தமிழில் எழுதினால் பக்கக் கணக்கு எப்படி? இன்னொன்று, கதையை வெளியே சொன்னால் திருடிவிடுவார்கள் என்கிறார்களே?

மூன்றாம் வரைவு:

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். காப்புரிமை வெறும் யோசனையைக் காப்பதில்லை, எழுதி முடித்த வடிவத்தைத்தான் காக்கும். அதனால் முதலில் எழுதி முடியுங்கள். தேதியோடு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

பக்கக் கணக்கு விஷயம் நிறையப் பேரைக் குழப்புகிறது. ஒரு பக்கம் ஒரு நிமிடம் என்ற கணக்கு, ஆங்கிலத் தட்டச்சில் பிறந்தது. கூரியர் எழுத்துரு, 12 புள்ளி அளவு. எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம், ஒரு அங்குலத்துக்குப் பத்து எழுத்து, ஆறு வரி. இடது ஓரம் ஒன்றரை அங்குலம், வசனம் நடுவில் ஒடுங்கி நிற்கும். அந்த அமைப்பில் எழுதினால்தான் ஏறக்குறைய ஒரு பக்கம் ஒரு நிமிடத்துக்கு வரும். தமிழ் எழுத்துகளுக்கு ஒரே அகலம் கிடையாது. 'ர'வையும் 'ணொ'வையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதனால் அந்தக் கணக்கை அப்படியே நம்பாதீர்கள்.

நான் செய்வது இதுதான். எழுதிய பத்துப் பக்கத்தை எடுத்துக்கொண்டு, வசனத்தை வாய்விட்டுப் பேசி, செயலை எழுந்து நடந்து செய்து பார்த்து, நேரத்தைக் குறித்துக்கொள்வேன். என் அமைப்பில் எனக்கு ஒரு பக்கம் சுமார் எழுபது விநாடி வருகிறது. உங்களுக்கு வேறு மாதிரி வரும். ஒரு முறை அளந்துவிட்டால் அப்புறம் உங்கள் கணக்கு உங்களுக்குத் தெரிந்துவிடும்.

மென்பொருளுக்குக் கையை விட்டுச் செலவு செய்ய வேண்டாம். ஃபவுண்டன் என்று ஒரு எழுத்துமுறை இருக்கிறது. ஜான் ஆகஸ்ட் என்ற திரைக்கதையாசிரியரும் அவருடைய நண்பர்களும் சேர்ந்து 2012இல் வெளியிட்டது. சாதாரணக் குறிப்பேட்டுச் செயலியில்கூட எழுதலாம், அப்புறம் அதைத் திரைக்கதை வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். ஒரு சிக்கல் உண்டு. ஆங்கிலத்தில் பெயரை முழுக்கப் பெரிய எழுத்தில் அடித்தால் அது பாத்திரத்தின் பெயர் என்று ஃபவுண்டன் கண்டுகொள்ளும். தமிழில் பெரிய எழுத்து ஏது? அதனால் பெயருக்கு முன்னால் @ குறியைப் போட வேண்டும்: @அப்பா என்று. காட்சித் தலைப்புக்கு முன்னால் ஒரு புள்ளி வைக்க வேண்டும். இந்த இரண்டையும் தெரிந்துகொள்ளாமல் நான் ஒரு மாதம் திண்டாடினேன்.

கடைசி வரிசை:

மழைக்காலத்தின் முதல் கேள்விக்கு வருகிறேன். எங்கிருந்து கற்பது என்று கேட்டிருந்தார்.

நான் முதலில் ஒரு வார இறுதிப் பயிலரங்குக்குப் போனேன். இரண்டு நாளும் புகழ்பெற்ற படங்களின் கதையைச் சொல்லி, "பாருங்கள், இதுதான் இரண்டாம் திருப்பம்" என்று காட்டிக்கொண்டே இருந்தார்கள். ஒரு வரிகூட எழுத வைக்கவில்லை. நீச்சல் போட்டியை இரண்டு நாள் பார்த்துவிட்டு வீடு திரும்பிய மாதிரி இருந்தது.

உண்மையில் எனக்குக் கைகொடுத்தது ஒரு எளிய பயிற்சி. எடுத்து முடித்த படத்தைத் திரும்பவும் திரைக்கதையாக எழுதுவது. பலமுறை பார்த்த ஒரு படத்தை எடுத்துக்கொண்டேன். மூன்று நிமிடக் காட்சி ஒன்றைச் சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டு ஓடவிட்டு, கண்ணுக்குத் தெரிவதை மட்டும் எழுதினேன். அப்புறம் சத்தத்தோடு ஓடவிட்டு வசனத்தையும் ஒலியையும் சேர்த்தேன். அந்தப் படத்தின் திரைக்கதை அச்சில் வந்திருந்ததால், கடைசியில் அதோடு ஒப்பிட்டுப் பார்த்தேன்.

முதல் முயற்சியில் நான் ஒன்றரைப் பக்கத்துக்கு விவரித்ததை அவர்கள் நான்கு வரியில் எழுதியிருந்தார்கள். ஒரு பெண் கடிதத்தைப் படிக்கும் இடம். நான் அவள் கண், உதடு, மூச்சு எல்லாவற்றையும் எழுதியிருந்தேன். அச்சில் இருந்தது இவ்வளவுதான்: அவள் படிக்கிறாள். திரும்பவும் முதல் வரிக்குப் போகிறாள். மடிக்கிறாள். மடித்ததை மறுபடி மடிக்கிறாள். அந்த இரண்டாவது மடிப்பில் எல்லாமே இருந்தது. நடிகைக்கு எதைச் செய்ய வேண்டும் என்று சொல்லியாயிற்று, எப்படி என்பதை அவரிடமே விட்டாயிற்று.

ஆறு வாரத்தில் இப்படிப் பன்னிரண்டு காட்சிகள் எழுதினேன். நான்காவது காட்சி தாண்டியபோது நாளிதழ் படிக்கையில்கூட, "இதை எப்படிக் காட்டுவது?" என்று மனம் கேட்க ஆரம்பித்துவிட்டது. புத்தகங்களை அதற்கு அப்புறம் படித்தபோதுதான் அவை எனக்குப் பேசின. எழுதிப் பார்த்துச் சிக்கிக்கொண்டவருக்கு விடையாக வரும் வரி, எழுதாதவருக்கு வெறும் விதியாகத்தான் தெரியும்.

மழைக்காலம்:

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. பத்திரத்தை மறைத்து வைக்கும் யோசனை இரண்டு நாளாக என்னைத் தூங்கவிடவில்லை. ஆனால் ஒரு சந்தேகம். நான் நின்றது 41ஆம் பக்கத்தில். நீங்கள் எல்லோரும் 9ஆம் பக்கத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். நடுப்பகுதியின் அமைப்பை எப்படிப் போடுவது?

மூன்றாம் வரைவு:

9ஆம் பக்கத்தைப் பற்றிப் பேசுவதற்குக் காரணமே 41ஆம் பக்கம்தான் நண்பரே. உங்கள் காட்சியில் ஏழு வருடப் பிரிவு, அம்மாவின் சாவு, யார் மேல் பழி, எதற்காக வந்தாள், அப்பாவுக்கு அதில் என்ன வருத்தம் என்று ஐந்து விஷயமும் ஏழு வசனத்தில் தீர்ந்துவிட்டது. கடைசியில் அப்பா "உள்ள வா" என்றும் சொல்லிவிட்டார். இனி அந்த வீட்டுக்குள் அவர்களுக்குச் செய்ய என்ன மிச்சம்? பத்தாம் பக்கத்திலிருந்து நீங்கள் காலிச் சட்டியைத்தான் கிளறிக்கொண்டிருக்கிறீர்கள்.

அமைப்பு பற்றிக் கேட்டதால் சொல்கிறேன். கதைக்குத் தொடக்கம், நடு, முடிவு வேண்டும் என்று அரிஸ்டாட்டில் சொல்லி 2300 வருடத்துக்கு மேல் ஆகிறது. பக்க எண்ணோடு அதைச் சொல்லும் பழக்கம் 1979இல் சிட் ஃபீல்ட் என்ற அமெரிக்கரின் திரைக்கதை நூல் வந்த பிறகுதான் பரவலானது. 120 பக்கத் திரைக்கதையில் முதல் 30 அறிமுகம், அடுத்த 60 மோதல், கடைசி 30 தீர்வு. இதை விதியாகப் பார்க்காமல் வரைபடமாகப் பாருங்கள், ஒரு உண்மை தெரியும். நடுப்பகுதி முழுப் படத்தில் பாதி. உலகத்தில் எல்லோரும் நடுவில்தான் சிக்குகிறார்கள், ஏனென்றால் அது ஒரே நீளமான பாலைவனமாகத் தெரிகிறது.

எனக்கு உதவிய வழி, செக் நாட்டிலிருந்து அமெரிக்காவுக்குப் போய்த் திரைப்படப் பள்ளிகளில் கற்பித்த ஃப்ராங்க் டேனியல் சொன்னது. பழைய காலத்தில் 35 மில்லிமீட்டர் படச்சுருள் ஒன்று ஆயிரம் அடி. விநாடிக்கு 24 சட்டகம் (ஃபிரேம்) ஓடினால் சுமார் பதினொரு நிமிடம். அந்தக் காலத்து எழுத்தாளர்கள் சுருள் சுருளாக யோசித்தார்கள். அதைப் பின்பற்றி, முழுப் படத்தையும் பத்துப் பதினைந்து நிமிடமுள்ள எட்டுத் தொடர்களாகப் பிரிக்கச் சொன்னார் டேனியல். ஒவ்வொரு தொடருக்கும் சொந்தமாக ஒரு கேள்வி, சொந்தமாக ஒரு முடிவு. அந்த முடிவு அடுத்த கேள்வியைத் திறந்துவிட வேண்டும். அப்படிப் பார்த்தால் நடுப்பகுதி அறுபது பக்கப் பாலைவனம் இல்லை, நான்கு சின்னக் கதைகள்தான். பதினைந்து பக்கக் கதையை யாராலும் எழுத முடியும். நீங்களோ சிறுகதை எழுதுகிறவர்!

மேடைக்காரி:

எட்டு என்ற எண்ணைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டாம் என்று மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். ஆறாகவும் வரலாம், ஒன்பதாகவும் வரலாம்.

இன்னொரு சோதனை சொல்கிறேன். 'சவுத் பார்க்' என்ற அமெரிக்கக் கார்ட்டூன் தொடரை உருவாக்கிய ட்ரே பார்க்கர், மேட் ஸ்டோன் இருவரும் மாணவர்களுக்குச் சொன்னது. காட்சிகளை வரிசையாக அட்டையில் எழுதிக்கொள்ளுங்கள், ஒரு அட்டைக்கு ஒரு காட்சி. இரண்டு அட்டைக்கு நடுவில் 'அப்புறம்' என்ற சொல்தான் வருகிறது என்றால் கதை நின்றுவிட்டது. 'அதனால்' அல்லது 'ஆனால்' வர வேண்டும். "மகள் வீட்டுக்கு வருகிறாள். அப்புறம் அம்மாவின் அறையைப் பார்க்கிறாள்." இதில் ஒன்றுமில்லை. "மகள் பத்திரத்தை ஒளிக்க இடம் தேடுகிறாள். அதனால் அம்மாவின் அறைக்குப் போகிறாள். ஆனால் அறை பூட்டியிருக்கிறது." இதில் அடுத்த அட்டை தானாகவே வந்து நிற்கிறது.

மழைக்காலம்:

மூன்று வாரம் கழித்து வருகிறேன்.

முதலில் கடைசி வரிசை சொன்ன பயிற்சியைச் செய்தேன், ஐந்து காட்சிகள். பிறகு என்னுடைய 41 பக்கத்தையும், மனதில் இருந்த மீதியையும் அட்டைகளில் எழுதித் தரையில் பரப்பினேன். 47 அட்டைகள் வந்தன. நடுவில் 'அப்புறம்' வந்த இடங்களில் சிவப்புப் புள்ளி வைத்தேன். முதல் எட்டு அட்டைகளுக்குள் இரண்டே புள்ளிகள். அதற்கு அடுத்து வரிசையாகச் சிவப்பு. வாசல் காட்சி ஒன்பதாவது அட்டை.

மூன்றாம் வரைவு அண்ணா சொன்னது எனக்கு அப்போதுதான் முழுசாகப் புரிந்தது. 22 அட்டைகளை எடுத்து ஓரமாக வைத்துவிட்டேன். அவை இல்லாமலும் கதையில் எதுவும் மாறவில்லை. அதில் நான் மிகவும் விரும்பி எழுதிய மாடிக் காட்சியும் இருந்தது. கஷ்டமாகத்தான் இருந்தது.

வாசல் காட்சியை ஏழு முறை எழுதினேன். ஏழாவது இது.

.வெளி. வீட்டு வாசல் – மாலை

மகள் (32) படியில் நிற்கிறாள். தோள்பையின் ஜிப்பைத் திறக்கிறாள். உள்ளே பத்திரத்தின் கடைசிப் பக்கம். கையெழுத்துக்கு இரண்டு கோடுகள். ஒன்றில் கையெழுத்து இருக்கிறது. ஜிப்பை மூடுகிறாள்.

அழைப்பு மணியை அமுக்குகிறாள். சத்தம் இல்லை. மறுபடி. இல்லை. கதவைத் தட்டுகிறாள்.

அப்பா (65) திறக்கிறார். பார்க்கிறார். திரும்பி உள்ளே போகிறார். கதவு திறந்தே கிடக்கிறது.

மகள் படியைத் தாண்டவில்லை.

அப்பா ஸ்க்ரூடிரைவரோடு வருகிறார். மணியின் மூடியைக் கழற்றுகிறார். விரல் நடுங்குகிறது. திருகாணி கீழே விழுந்து உருள்கிறது. அவள் குனிந்து எடுத்து நீட்டுகிறாள். அவர் அவளைப் பார்க்காமல் வாங்கிக்கொள்கிறார். ஒரு கம்பியைத் திருகுகிறார்.

@அப்பா
அமுக்கு.

அமுக்குகிறாள். சத்தம் இல்லை. மறுபடி திருகுகிறார்.

@அப்பா
ம்.

அமுக்குகிறாள். வீட்டுக்குள் மணி நீளமாக அடிக்கிறது.

@அப்பா
இதை யாரும் அமுக்கி ரொம்ப நாளாச்சு.

உள்ளே போகிறார்.

@அப்பா
(உள்ளிருந்து)
கதவைச் சாத்திட்டு வா.

மகள் பையைத் தோளோடு இறுக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே வருகிறாள். அவள் முகத்தில் குற்றவுணர்வு.

கடைசி வரிசை:

அந்தத் திருகாணியை அவர் பார்க்காமல் வாங்கிக்கொள்ளும் இடத்தில் நிறுத்திவிட்டு இரண்டு முறை படித்தேன். ஏழு வருடமும் அதில் இருக்கிறது.

வெட்டுமேசை:

மகிழ்ச்சியாக இருக்கிறது மழைக்காலம். ஒரு ஃபிரேம்கூட யோசிக்காமல் இதை எடிட் செய்துவிடலாம். பத்திரம், மணி, தட்டல், முகம், திறந்த கதவு என்று ஷாட் தானாக விழுகிறது.

இரண்டு வெட்டு மட்டும் கேட்கிறேன். கடைசி வரியில் "அவள் முகத்தில் குற்றவுணர்வு" வேண்டாம். பையை இறுக்கிப் பிடித்த கை அதைச் சொல்லியாயிற்று. "ரொம்ப நாளாச்சு" வரியும் வேண்டாம். மணி வேலை செய்யவில்லை என்பதை வைத்தே யாரும் வருவதில்லை என்று நாங்கள் புரிந்துகொண்டுவிட்டோம்.

மேடைக்காரி:

முதல் வெட்டுக்கு நானும் கை தூக்குகிறேன். இரண்டாவதை வெட்டாதீர்கள். மனிதர் வாயிலிருந்து வரும் ஒரே நீண்ட வாக்கியம் அது. அதையும் எடுத்துவிட்டால் அவர் வெறும் முறைப்பான கிழவர் ஆகிவிடுவார். இந்த வரியில்தான் அவருடைய தனிமை லேசாகக் கசிகிறது, அதுவும் மணியைப் பற்றிப் பேசுகிற சாக்கில்.

மூன்றாம் வரைவு:

இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. வரியோடும் வரி இல்லாமலும் இரண்டு முறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். உங்கள் காது சொல்வதைக் கேளுங்கள்.

மழைக்காலம்:

படித்துப் பார்த்தேன். வீட்டில் ஒருவரை அப்பாவாகவும் படிக்க வைத்தேன்.

குற்றவுணர்வை எடுத்துவிட்டேன். அது போனதே தெரியவில்லை. "ரொம்ப நாளாச்சு" வரியையும் வாசலிலிருந்து எடுத்துவிட்டேன், ஆனால் தூக்கிப் போடவில்லை. பத்திரம் அப்பா கையில் கிடைத்த பிறகு, 74ஆம் பக்கத்தில், அவள் பையோடு வெளியே போகிறாள். கதவு சாத்திக்கொள்கிறது. அப்பா வெளியே வந்து, தானே அந்த மணியை ஒரு முறை அமுக்கிப் பார்க்கிறார். அப்போது தனக்குள் சொல்லிக்கொள்கிற மாதிரி அந்த வரியை வைத்திருக்கிறேன்.

நடுப்பகுதியின் நான்கு தொடர்களில் இரண்டு முடிந்துவிட்டன. நேற்று இரவு 58ஆம் பக்கம் எழுதினேன். மூன்றாவது தொடரின் கேள்வி, அம்மாவின் அறைச் சாவி யாரிடம் இருக்கிறது என்பது. அதை முடித்ததும் அந்தப் பதினைந்து பக்கத்தையும் இங்கே போடுகிறேன். தயவுசெய்து இதே மாதிரி வெட்டுங்கள்.